3 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியே டிஜிட்டல் சாதனங்களைப் பழக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி 3 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளோடு இருப்பவர்களுக்கானது: பெற்றோர், தாத்தா பாட்டி, மழலையர் பள்ளி ஆசிரியர்கள். கடைசிப் படியை முடிக்கும்போது குழந்தை தானாகப் படம் எடுக்கும், குரலைப் பதிவு செய்யும், பொம்மைகளை வைத்து ஒரு குட்டிப் படம் தயாரிக்கும், திரையில் ஒரு பூனையைத் தன் கட்டளைப்படி நடக்க வைக்கும். ஏதாவது பயமுறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒரு முறைக்கு 15 அல்லது 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில குழந்தைகள் ஒரே விளையாட்டில் ஒரு மாதம்கூட இருப்பார்கள், இருக்கட்டும். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

நான் முதலில் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் செய்தேன். டேப்லெட்டைக் கொடுத்தேன், செயலியைத் திறந்தேன், அப்புறம் விளக்கத் தொடங்கினேன். ஒரு குழந்தையின் காதிலும் விழவில்லை. திரை ஒளிர்ந்துகொண்டிருந்தால் குழந்தையின் கண்ணும் கையும் அங்கேதான் இருக்கும். அதனால் கீழே உள்ள விளையாட்டுகள் பெரும்பாலும் தரையில், பொம்மைகளோடு, பேச்சோடு தொடங்குகின்றன. விளையாட்டுக்குத் தேவைப்படும்போதுதான் சாதனம் உள்ளே வருகிறது.

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இது எதுவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக் குழந்தை உட்கார்ந்து திரை பார்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. தூரத்தில் இருக்கும் உறவினரோடு நீங்களும் பக்கத்தில் இருந்து வீடியோ அழைப்பில் பேச வைக்கலாம். அந்த வயதுக்கு அது போதும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு டேப்லெட் போதும். பழையதாக இருந்தாலும் கேமராவும் ஒலிவாங்கியும் வேலை செய்தால் சரி. கைபேசியைவிட டேப்லெட் நல்லது, காரணம் குழந்தையின் விரல் இன்னும் துல்லியமாக விழாது. சின்னத் திரையில் ஒன்றைத் தொடப் போனால் பக்கத்தில் இருப்பது திறக்கும். அப்புறம் கைபேசி உங்களுடையது. நடுவில் அழைப்பு வரும், நீங்கள் பிடுங்குவீர்கள், விளையாட்டு அழுகையில் முடியும்.

விளிம்பு அகலமான, தடித்த உறை ஒன்று போடுங்கள். கீழே விழுந்தால் உடையாமல் இருக்க மட்டும் அதைச் சொல்லவில்லை. இன்னொரு காரணம் நான்காவது படியில் வருகிறது.

இவற்றோடு தரையில் கோடு போடச் சுண்ணக்கட்டியோ ஒட்டு நாடாவோ, பத்துப் பதினைந்து அட்டைத் துண்டுகள், நிற்கக்கூடிய இரண்டு பொம்மைகள், ஒரு கெட்டியான பெட்டி. இவ்வளவுதான். விலை உயர்ந்த எதையும் இப்போது வாங்க வேண்டாம்.

பொத்தான் பேட்டரி போட்ட ரிமோட், பொம்மை, டைமர் எதுவாக இருந்தாலும் பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான உட்காயம் ஏற்படலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள், வெளியே வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

2. சாதனத்தை முந்தைய நாளே தயார் செய்யுங்கள்

குழந்தை பக்கத்தில் உட்கார்ந்த பிறகு அமைப்புகளைத் தேடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு. நீங்கள் கடவுச்சொல் தேடும் மூன்று நிமிடத்தில் குழந்தை ஒன்று திரையைப் பிடுங்கும், இல்லை எழுந்து போய்விடும். முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

செயலிகளை இறக்கி, ஒரு முறை திறந்து, கேமரா, ஒலிவாங்கி அனுமதிகளை நீங்களே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் படம் எடுக்கும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். குழந்தை எதையாவது தொட்டுவிடும், அனுமதி மறுக்கப்படும், கேமரா கறுப்பாக நிற்கும்.

இணையத்தைத் துண்டியுங்கள். ஏரோபிளேன் மோட் போட்டு, வைஃபையும் அணைந்திருந்தால் அழைப்பும் இணையவழி அறிவிப்பும் சேர்ந்தே நின்றுவிடும். இங்கே சொல்லும் எந்த விளையாட்டுக்கும் இணையம் தேவையில்லை. செயலிக்குள் பணம் கட்டும் வசதிக்குக் கடவுச்சொல் வையுங்கள், அது குழந்தைக்குத் தெரிய வேண்டாம்.

பிறகு திரையை ஒரே செயலிக்குள் பூட்டுங்கள். ஐபேடில் அணுகல்தன்மை அமைப்புகளில் கைடட் அக்சஸ் என்று இருக்கும். மேல் விளிம்பில் உள்ள பட்டனை, பழைய ஐபேடில் முகப்புப் பட்டனை, மூன்று முறை அழுத்தினால் அது தொடங்கும். திரையில் ஒரு பகுதியை விரலால் வட்டமிட்டு அந்த இடத்தை மட்டும் தொட்டாலும் வேலை செய்யாதபடி வைக்கலாம். அழிக்கும் பட்டன் இருக்கும் மூலைக்கு இது மிகவும் உதவும். ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளில் செயலியைத் திரையிலேயே நிறுத்திவைக்கும் 'பின்' (pin) வசதி உண்டு.

பூட்டுவதைத் தண்டனை என்று நினைக்க வேண்டாம். வெளியே போக வழி இல்லாதபோதுதான் குழந்தை உள்ளே இருப்பதைத் துணிந்து தொட்டுப் பார்க்கும். நீங்களும் "அதைத் தொடாதே" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

3. எப்படி முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாத வீடு இல்லை. "பத்து நிமிடம்தான்" என்று சொல்லித் தொடங்குகிறோம். நாலு வயதுக் குழந்தைக்குப் பத்து நிமிடம் என்றால் என்னவென்று தெரியாது. அதன் கணக்கில் நாம் திடீரென்று வந்து பிடுங்குகிறோம்.

நிமிடத்துக்குப் பதில் எண்ணிக்கை சொல்லுங்கள். "இன்று பத்துப் படம் எடுப்போம். பத்தாவது படம் எடுத்ததும் டேப்லெட்டைத் தூங்க வைப்போம்." பத்து அட்டைத் துண்டுகளை வரிசையாக வைத்து ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றைக் குழந்தையே பெட்டிக்குள் போடட்டும். முடிவு நெருங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அழுகை குறைகிறது.

அணைக்கும் வேலையையும் குழந்தைக்கே கொடுங்கள். உறையை மூடி, அதற்கென்று வைத்த இடத்தில் வைப்பது வரை. தானே மூடிய பொருளுக்காகக் குழந்தை அவ்வளவாக அழுவதில்லை, இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மூடிய உடனே அடுத்து என்ன என்பது தயாராக இருக்க வேண்டும். எடுத்த படத்தைப் பார்த்துக் காகிதத்தில் வரைவது, பொம்மைகளை வீட்டுக்கு அனுப்புவது, வெளியே ஓடுவது, எதுவானாலும் சரி. வெறுமைக்குள் போய் விழுவதுதான் குழந்தைக்குப் பிடிக்காது.

4. விரல் பழக்கம்

முதல் இரண்டு நாள் வரைவதற்கான ஒரு எளிய செயலி மட்டும். தொடு, இழு, விடு: மூன்றே செயல்கள்.

திரை ஏன் விரலை மட்டும் உணர்கிறது என்பதையே விளையாட்டாக்கலாம். விரல் நுனியால் தொடச் சொல்லுங்கள், கோடு வரும். மரக்கட்டையால் தொடச் சொல்லுங்கள், வராது. நகத்தின் நுனியால்? வராது. கனமான துணி சுற்றிய விரலால்? அதுவும் வராது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் விரல் பட்டதும் திரையின் மின்புலம் மாறும், திரை அந்த மாற்றத்தைத்தான் உணர்கிறது. குழந்தையிடம் "உன் விரல் வந்திருக்கிறது என்று திரைக்குத் தெரிகிறது, கட்டை வந்தால் தெரியாது" என்று சொன்னால் போதும். அடுத்த அரை மணி நேரம் வீட்டில் உள்ள பொருள்களை எல்லாம் கொண்டுவந்து நிறுத்தும், கூரானவற்றை மட்டும் எடுத்து ஒதுக்கி வையுங்கள்.

இங்கே மூன்று இடங்களில் எல்லாக் குழந்தைகளும் தடுமாறுகிறார்கள்.

முதலாவது, உள்ளங்கை. குழந்தை இடது கையால் டேப்லெட்டைப் பிடிக்கும்போது கட்டைவிரல் திரையின் ஓரத்தில் பட்டுக்கொண்டே இருக்கும். திரைக்கு அது ஒரு தொடுதல், அதனால் வலது கை என்ன செய்தாலும் ஒன்றும் நடக்காது, இல்லை திரை பெரிதாகிச் சிறிதாகும். குழந்தை இன்னும் அழுத்திக் குத்தும். அகல விளிம்பு உறை இதற்காகத்தான். டேப்லெட்டைக் கையில் கொடுக்காமல் மேசையிலோ தரையிலோ வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இரண்டாவது, நீண்ட அழுத்தம். தொட்டதும் விரலை எடுக்க வேண்டும் என்பது குழந்தைக்கு இயல்பாக வராது. அழுத்திப் பிடித்தால் வேறு ஏதோ பட்டியல் திறக்கும். "சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல் தொட்டுவிட்டு எடு" என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஈர விரல். துடைத்துவிட்டு வாருங்கள், அவ்வளவுதான்.

5. கேமரா: துப்பறியும் விளையாட்டு

விரல் பழகியதும் கேமரா. வீடியோ பார்ப்பதற்கு நேர் எதிரான பழக்கம் இங்கே தொடங்குகிறது: திரையைத் தாண்டி உலகத்தைப் பார்ப்பது.

விளையாட்டு இப்படி. முதலில் டேப்லெட் இல்லாமல் அறையைச் சுற்றி நடந்து "வட்டமான பொருள் எங்கெல்லாம் இருக்கிறது?" என்று தேடுங்கள். ஐந்தாறு கண்டுபிடித்த பிறகு டேப்லெட்டைக் கொடுத்து அவற்றை மட்டும் படம் எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் சொரசொரப்பானவை. அதற்கு அடுத்த நாள் ஒரு பொருளுக்கு மிக அருகில் போய்ப் படம் எடுத்து "இது என்ன?" என்று உங்களைக் கேட்கட்டும். துணியின் நெசவையோ கதவின் கீலையோ உங்களால் அடையாளம் காண முடியாமல் போகும்போது குழந்தைக்கு வரும் பெருமையைப் பாருங்கள்!

தேடலை முதலில் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. கேமராவை முதலில் கொடுத்தால் குழந்தை பட்டனை விடாமல் அழுத்தி இருநூறு படம் எடுத்துவிடும், ஒன்றையும் பார்க்காது. எதை எடுக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகு எடுத்தால் ஒவ்வொரு படமும் ஒரு முடிவு.

படங்கள் மங்கலாக வரும். கை ஆடுகிறது என்று நாம் நினைப்போம், ஆனால் பெரும்பாலும் லென்ஸில் விரல் ரேகை படிந்திருக்கும். துடைத்துக் காட்டி, அதே பொருளை மறுபடி எடுக்கச் சொல்லி இரண்டையும் ஒப்பிடுங்கள். அப்புறம் நீங்கள் சொல்லாமலே துடைக்கும்.

ஒரு விதியை இப்போதே கற்றுக்கொடுங்கள்: ஆளைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். "உன்னைப் படம் எடுக்கலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் எடுக்கக் கூடாது. அதே மரியாதையைக் குழந்தைக்கும் கொடுங்கள். அது வேண்டாம் என்று சொன்ன படத்தை அதன் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். நீங்கள் கேட்காமல் எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தால் இந்த விதியைக் குழந்தை நம்பாது.

6. குரல் பதிவு

சின்னப் படிதான், ஒரே நாளில் முடிந்துவிடும். வீட்டில் ஐந்து சத்தங்களைப் பதிவு செய்து, மற்றவரிடம் போட்டுக் காட்டி, கண்டுபிடிக்கச் சொல்வது விளையாட்டு. குழந்தை பதிவுப் பட்டனைத் தொட்டதும் பேசத் தொடங்கிவிடும், முதல் சொல் விழாது. "தொடு, மூச்சு விடு, பேசு" என்று மூன்றாகச் சொல்லிக்கொடுங்கள்.

தன் குரலை முதல் முறை கேட்கும்போது சில குழந்தைகள் கூசிப்போவார்கள். வற்புறுத்தாதீர்கள். பொம்மைக்காகப் பேசச் சொன்னால் பேசிவிடுவார்கள்.

7. பொம்மைகளை வைத்து அசையும் படம்

4 வயதிலிருந்து இதைச் செய்யலாம். முழுப் பயணத்திலும் எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். ஒரே ஒரு விளையாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்து, படம் எடு, இன்னும் கொஞ்சம் நகர்த்து, படம் எடு. எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினால் பொம்மை தானாக நடக்கிறது. இதற்கென்றே ஸ்டாப் மோஷன் செயலிகள் இருக்கின்றன, விளம்பரம் இல்லாத ஒன்றை முன்பே தேர்ந்து வையுங்கள்.

முதலில் கதை. இரண்டு வாக்கியம் போதும்: "கரடி நடந்து வருகிறது. பந்தைப் பார்த்து நிற்கிறது." இதைக் குழந்தை தன் கையால் பொம்மையை நடத்தி இரண்டு முறை நடித்துக் காட்டட்டும். கதை இல்லாமல் தொடங்கினால் பத்தாவது படத்தில் பொம்மை எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து, டேப்லெட்டைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து நாடாவால் ஒட்டிவிடுங்கள். கையில் பிடித்து எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் அறையே குதிக்கும். பொம்மை நிற்கும் எல்லையைத் தரையில் நாடா ஒட்டிக் காட்டுங்கள், அதைத் தாண்டினால் பொம்மை படத்தில் விழாது.

விநாடிக்கு ஐந்து படம் என்று வேகத்தை வையுங்கள். 30 படம் எடுத்தால் 6 விநாடி ஓடும். பெரியவர்களுக்கு 6 விநாடி ஒன்றுமே இல்லை, ஆனால் குழந்தைக்கு 30 முறை நகர்த்துவது பெரிய உழைப்பு. முதல் நாள் 15 படத்தோடு நிறுத்தி, உடனே ஓட்டிக் காட்டுங்கள். தன் கை செய்த வேலை அசைவாக மாறுவதைப் பார்த்த பிறகுதான் மீதிப் பொறுமை வரும்.

நகர்த்தும் அளவு ஒரு விரல் அகலம். குழந்தை ஒரு முழம் நகர்த்தும், பொம்மை பறந்து வந்து விழுந்ததுபோல் தெரியும். திருத்த வேண்டாம், ஓட்டிக் காட்டுங்கள். "ஏன் குதிக்கிறது?" என்று அதுவே கேட்கும்.

படத்துக்குள் கை விழுவது இன்னொரு வழக்கமான பிழை. ஒருவர் நகர்த்த, ஒருவர் பட்டனைத் தொட, தொடும் முன் "கை வெளியே!" என்று சத்தமாகச் சொல்வது விதி. இரண்டு குழந்தைகள் இருந்தால் இது இயல்பாகவே இருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஐந்து படத்துக்கு ஒரு முறை இடம் மாறச் சொல்லுங்கள். ஒரு சாதனத்துக்கு இரண்டு பேர் என்பதைக் குறையாக எண்ண வேண்டாம், தனியாக இருக்கும் குழந்தையைவிட அவர்கள் அதிகம் பேசுகிறார்கள், அந்தப் பேச்சில்தான் யோசனை வெளியே வருகிறது.

8. தரையில் ரோபோ விளையாட்டு

இந்தப் படிக்குச் சாதனமே வேண்டாம். தரையில் 5 கட்டம் அகலம், 5 கட்டம் நீளம் வரைந்துகொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் பொம்மையை வையுங்கள். நீங்கள்தான் ரோபோ. குழந்தை கட்டளை கொடுத்து உங்களைப் பொம்மையிடம் கொண்டுபோக வேண்டும். மூன்றே கட்டளைகள்: முன்னே ஒரு கட்டம், இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு.

சொன்னதை மட்டும் செய்யுங்கள். "அங்கே போ" என்றால் அசையாமல் நில்லுங்கள். "திரும்பு" என்றால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழியுங்கள். இங்கே பெரியவர்கள் செய்யும் தவறு, குழந்தை என்ன நினைக்கிறது என்று புரிந்துகொண்டு அதற்கேற்ப நடந்துவிடுவது. அன்பில் செய்வதுதான், ஆனால் இயந்திரம் அப்படிப் புரிந்துகொள்ளாது என்பதே இந்த விளையாட்டின் பாடம்.

திரும்புவது என்றால் நின்ற இடத்திலேயே திரும்புவது. பக்கத்துக் கட்டத்துக்குப் போவது இல்லை. பெரும்பாலான குழந்தைகள் "வலது" என்றால் வலப்பக்கக் கட்டத்துக்கு நகர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். உங்கள் வலது, குழந்தையின் வலது என்ற குழப்பமும் கூடவே வரும். ஒரு கையில் வண்ண நாடா கட்டிக்கொண்டு, "நாடா பக்கம் திரும்பு" என்று மாற்றிவிட்டால் எளிது. குழந்தை உங்கள் பின்னால் நின்று, நீங்கள் பார்க்கும் திசையையே பார்த்தபடி கட்டளை சொன்னால் இன்னும் எளிது.

இது பழகியதும் கட்டளைகளை அட்டையில் அம்புக்குறியாக வரையுங்கள். அட்டைகளை இடமிருந்து வலமாக முழுவதும் அடுக்கிய பிறகே ரோபோ நடக்கும். ஒவ்வொன்றாகச் சொல்வதிலிருந்து முழு வழியையும் முன்கூட்டியே யோசிப்பதற்கு இங்கேதான் தாவுகிறார்கள். இதற்கு இரண்டு மூன்று வாரம் கொடுங்கள்.

9. தரை ரோபோ பொம்மை இருந்தால்

பள்ளியிலோ நூலகத்திலோ பீ-பாட் போன்ற, முதுகில் உள்ள பட்டன்களை அழுத்திக் கட்டளை கொடுக்கும் ரோபோ கிடைத்தால் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த படிக்குப் போய்விடலாம், நஷ்டம் இல்லை.

பீ-பாட் ஒரு கட்டளைக்கு 15 செ.மீ. நகரும், திரும்பும்போது 90 பாகை திரும்பும். அதனால் 15 செ.மீ. கட்டங்களைத் துல்லியமாக வரையுங்கள். கட்டம் ஒரு விரல் பெரிதாக இருந்தாலும் நாலாவது நகர்வில் ரோபோ கோட்டின் மேல் நிற்கும். குழந்தை தன் கட்டளை தவறு என்று நினைத்துச் சரியாக இருந்ததை மாற்றும்.

எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. பீ-பாட் பழைய கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும். அழிக்கும் பட்டனை அழுத்தாமல் புதிய கட்டளை கொடுத்தால், பழையதை எல்லாம் முதலில் செய்துவிட்டுத்தான் புதியதைச் செய்யும். "ரோபோ கெட்டுப்போச்சு" என்று குழந்தை வந்து நின்றால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: "அழித்தாயா?"

10. திரையில் கட்டளை

5 வயதுக்கு முன் இந்தப் படி வேண்டாம். நான் பயன்படுத்துவது ஸ்கிராட்ச்ஜூனியர் என்ற செயலி. 5 முதல் 7 வயதுக்கென்று செய்தது, இலவசம், விளம்பரம் கிடையாது. கட்டளைகள் படங்களாக இருப்பதால் எழுத்து தெரியாத குழந்தையும் பயன்படுத்தலாம்.

மேலே மேடையில் ஒரு பூனை நிற்கும். நடுவில் கட்டளைத் துண்டுகள், கீழே அவற்றை அடுக்கும் இடம். அட்டைகளை அடுக்கிய அதே பழக்கம்தான், இங்கேயும் இடமிருந்து வலமாக. எட்டாவது படியைச் செய்த குழந்தைக்கு இது உடனே புரியும். செய்யாத குழந்தை துண்டுகளை எல்லாம் கொட்டிவிட்டு, நடப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடும்.

முதல் நாள் மூன்றே துண்டு: பச்சைக் கொடியில் தொடங்கு, வலப்பக்கம் நகர், குதி. கொடியைத் தொட்டால் பூனை நடந்து குதிக்க வேண்டும். இரண்டாம் நாள், நகரும் துண்டில் உள்ள எண்ணைத் தொட்டு மாற்றுவது. மூன்றாம் நாள், குழந்தையின் குரலைப் பதிவு செய்து பூனையைப் பேச வைப்பது. ஆறாவது படி இங்கே கைகொடுக்கும். அப்புறம் இரண்டாவது பாத்திரம், புதிய பின்னணி, அடுத்த பக்கம். ஒரு கதைக்கு நாலு பக்கம் வரை வைக்கலாம், அந்த வயதுக்கு அது தாராளம்.

தடுமாறும் இடங்கள். தொடக்கத் துண்டை முன்னால் சேர்க்க மறப்பார்கள், கொடியைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. துண்டுகளை அருகருகே வைத்திருப்பார்கள், ஆனால் ஒட்டியிருக்காது. இரண்டு பாத்திரம் வந்த பிறகு கரடிக்குக் கொடுக்க வேண்டிய கட்டளையைப் பூனைக்குக் கொடுத்துவிடுவார்கள், எந்தப் பாத்திரம் தேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை.

எட்டாவது படியில் நன்றாகச் செய்த குழந்தைகளுக்கே வரும் ஒரு குழப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தரை ரோபோ திரும்பிய திசையில் நடக்கும். ஸ்கிராட்ச்ஜூனியரில் அப்படி இல்லை. பூனையைச் சுழற்றினாலும், வலப்பக்கம் நகர் என்றால் திரையின் வலப்பக்கம்தான் போகும், தலைகீழாக இருந்தால் தலைகீழாகவே போகும். அங்கே சுழல்வது வெறும் தோற்றம். முழுச் சுற்றுக்கு 12 என்று எண் கொடுக்க வேண்டும். "இந்த ரோபோவுக்கு வேறு விதி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு இயந்திரங்களுக்கு இரண்டு விதி இருக்கலாம் என்பதை ஆறு வயதில் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

11. பிழை வரும்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். உண்மையாகவே. பூனை நகரவில்லை என்றால் நம் விரல் தானாகப் போய்ச் சரிசெய்துவிடும், குழந்தை அடுத்த முறை தானாக முயலாமல் டேப்லெட்டை நம்மிடம் நீட்டும்.

மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தாய்? என்ன நடந்தது? எந்தத் துண்டுவரை சரியாகப் போனது? மூன்றாவது கேள்விக்கு விரலை வைத்து ஒவ்வொரு துண்டாகப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் படித்துக்கொண்டிருக்கும்போதே "அட!" என்று சத்தம் வரும்.

ஐந்து நிமிடமாகியும் வரவில்லை, முகம் சுருங்குகிறது என்றால் திரையை விட்டுத் தரைக்குப் போங்கள். நீங்கள் பூனையாக நின்று அதே கட்டளைகளைச் செய்யுங்கள். அப்போதும் வரவில்லையா, இன்று போதும். உடைந்த நிலையிலேயே மூடிவைத்து நாளை திறக்கலாம். தூங்கி எழுந்து வந்து தானே கண்டுபிடித்த குழந்தைகள் பலர்.

12. பாதுகாப்பை ஒத்திகையாகப் பழக்குங்கள்

இணையத்தோடு சேர்த்துச் சாதனத்தைக் கொடுக்கும் நாள் வருவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பயமுறுத்தும் படமோ புரியாத பெட்டியோ வந்தால் இரண்டே செயல்: கவிழ்த்து வை, கூப்பிடு. எதைத் தொட்டு மூடுவது என்று குழந்தை தேட வேண்டாம், மூடும் பட்டன் என்று தெரிவதே சில சமயம் விளம்பரமாக இருக்கும்.

சொன்னால் போதாது, நடித்துப் பழக்குங்கள். குழந்தை வரைந்துகொண்டிருக்கும்போது "பூதம் வந்துவிட்டது!" என்று நீங்கள் சொல்ல, அது டேப்லெட்டைக் கவிழ்த்துவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும். வாரம் ஒரு முறை செய்தால் போதும்.

கூப்பிட்டு வந்த குழந்தையைத் திட்டவே கூடாது, சாதனத்தையும் பறிக்கக் கூடாது. "கூப்பிட்டது நல்லது" என்று முதலில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். ஒரு முறை திட்டினால் அடுத்த முறை தனியாகவே பார்த்துவிட்டு, சொல்லாமல் இருந்துவிடும். இந்த ஒரு இடத்தில் நாம் தவறினால் மேலே உள்ள பதினொரு படிகளாலும் ஈடுசெய்ய முடியாது.

13. தொடர்ந்து கவனிக்க வேண்டிய சில

சாப்பிட வைக்க, அழுகையை நிறுத்த, காத்திருக்க வைக்க என்று இந்த டேப்லெட்டைப் பயன்படுத்தாதீர்கள். அப்படிப் பயன்படுத்தத் தொடங்கிய வீடுகளில் குழந்தை அதை எதையாவது செய்யும் கருவியாகப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது, கேமராவைத் திறக்கச் சொன்னால் வீடியோ கேட்கிறது. தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் எந்தத் திரையும் வேண்டாம்.

புள்ளியும் நட்சத்திரமும் கொட்டும் செயலிகளைக் கவனமாகப் பாருங்கள். எழுத்து கற்றுத்தருகிறேன் என்று சொல்லும் பல செயலிகளில், குழந்தை எதைத் தொட்டாலும் கைதட்டல் கிடைக்கும். பத்து நிமிடம் நீங்களே வேண்டுமென்று தவறாகத் தொட்டு விளையாடிப் பாருங்கள். அப்போதும் வெற்றி கிடைத்தால் அதை நீக்கிவிடலாம்.

குழந்தை முன்னைய படிக்குத் திரும்பிப் போகக் கேட்டால் போக விடுங்கள். ஸ்கிராட்ச்ஜூனியரில் கதை செய்யும் ஆறு வயதுக் குழந்தை திடீரென்று துப்பறியும் விளையாட்டு வேண்டும் என்று கேட்கும். இந்த முறை எடுத்த படங்களை வைத்து அது ஒரு கதையே சொல்லும், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.